குரோம் தொட்டியோரக் காற்றை அளந்து தரும் சேவை: கப்பலூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு மதிப்புரை

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள உலோகப் பொருள்களுக்கு மின்சாரத்தால் குரோம், நிக்கல் பூச்சு போடும் எங்கள் பிளேட்டிங் பட்டறையில், தொழிலாளர்கள் சுவாசிக்கும் காற்றில் குரோமியமும் நிக்கலும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அளந்து தருவதற்காக, கோயம்புத்தூரில் ஆய்வகமும் மதுரையில் ஒரு சிறிய கிளை அலுவலகமும் வைத்திருக்கும் தனியார் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். பட்டறையின் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் மாதிரி எடுத்தது முதல் அறிக்கை வந்தது வரை எல்லாவற்றையும் உடனிருந்து பார்த்தேன். குறைகளையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மாதிரி எடுத்த விதத்துக்காக இவர்களை மீண்டும் அழைப்பேன். அறிக்கை எழுதிய விதத்துக்காக இவர்களோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவர்களைத் தேடிப் போக நேர்ந்ததற்குக் காரணம், எங்கள் கோப்பில் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டிருந்த வேறோர் ஆய்வகத்தின் அறிக்கைகள்தாம். அந்த ஆய்வகத்தார் சாலையோரக் காற்றின் தூசியை அளக்கப் பயன்படும் பெரிய பெட்டிக் கருவியைக் கொண்டுவந்து, கொட்டகையின் நடுவில், எந்தத் தொட்டிக்கும் அருகில் இல்லாத நடைபாதையில் வைத்து ஓடவிட்டு, அதில் சேர்ந்த தூசியில் மொத்தக் குரோமியத்தைப் பார்த்து, ‘கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். கேட்டவர்களுக்குக் காட்டவும் அது போதுமானதாக இருந்தது. ஆனால் குரோம் தொட்டியில் வேலை செய்பவர் மூக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, அறிக்கை மட்டும் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரு சக்கர வாகன உதிரிபாகங்களை எங்களிடம் பிளேட்டிங் செய்துகொள்ளும் வாடிக்கையாளர் ஒருவர், குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தை ஆளுக்கு ஆள் தனியாக அளந்த அறிக்கை வேண்டும் என்று கேட்டபோதுதான் நிர்வாகம் செலவுக்கு ஒப்புக்கொண்டது.

இந்தச் சேவையின் தரத்தை எடைபோட, குரோம் தொட்டியில் நடப்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். வழக்கமான தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் குரோமிக் அமிலமும் அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலமும் இருக்கும். வெப்பம் 45 முதல் 55 டிகிரி வரை. தொட்டிக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபையரிலிருந்து போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் பொருளின் மேல் குரோமியமாகப் படிகிறது. மிச்சம் பெரும்பாலும் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கிளப்பிவிடுகிறது. அந்த வாயுக் குமிழ்கள் மேற்பரப்பில் வந்து உடையும்போது அமிலக் கரைசலை நுண்துளிகளாகத் தெறிக்கவைக்கின்றன. காற்றில் கலந்து மூக்கில் ஏறும் மஞ்சள் மூட்டம் அதுதான். அலங்காரக் குரோம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஹைட்ராலிக் தண்டுகளுக்குப் போடும் ஹார்டு குரோமுக்கு மணிக்கணக்கில் மின்சாரம் ஓட வேண்டும், ஆகவே மூட்டமும் அதிகம். நிக்கல் தொட்டியில் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் உலோகத்தைப் படியவைப்பதற்கே போய்விடுவதால் குமிழ் குறைவு; கலக்குவதற்காகக் காற்றை அடியில் ஊதினால் மட்டும் அங்கும் துளி தெறிக்கும். ஆறு இணைதிறன் குரோமியம், நிக்கல் சேர்மங்கள் இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. அதற்கு முன்பே கையிலும் மூக்குத் தண்டிலும் புண் வந்து, மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்த பழைய பிளேட்டிங் தொழிலாளர்களைத் தொழில் மருத்துவம் நெடுங்காலமாக அறியும்.

இனி அவர்கள் வந்த நாள். ஷிஃப்ட் தொடங்குமுன்பே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வந்துவிட்டார். தேனிப் பக்கத்துப் பெண், வேதியியல் படித்தவர். கருவியைத் திறப்பதற்கு முன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, யார் எந்தத் தொட்டியில் நிற்கிறார், யார் ஜிக்கில் பொருளை மாட்டிக் கழற்றுகிறார், தொட்டிக்குள் குரோமிக் அமிலச் செதில்களைக் கொட்டுவது யார், எப்போது கொட்டுகிறார் என்று தொழிலாளர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசிக் கேள்வியைப் பழைய ஆய்வகம் ஒருநாளும் கேட்டதில்லை. செதிலைக் கொட்டும் சில நிமிடங்களில் எழும் தூள், எட்டு மணி நேரச் சராசரிக்குள் அமுங்கி மறைந்துவிடும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு குறுகிய நேர மாதிரி எடுத்தார்.

சட்டைக் காலரில், மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி, 37 மில்லிமீட்டர் ஃபில்டர் கேசட்டை மாட்டி, இடுப்பில் பேட்டரி பம்ப்பைக் கட்டிவிட்டார். பம்ப் நிமிடத்துக்கு 2 லிட்டர் காற்றை இழுக்கும். அந்த ஓட்டத்தை ஃபில்டர் மாட்டிய நிலையிலேயே அளவுமானியில் சரிபார்த்து எழுதிக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து கழற்றும்போதும் மறுபடி சரிபார்த்தார். முன்னும் பின்னும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுவோம் என்றார். ஒருவருடைய குழாய் ஏப்ரனுக்கு அடியில் மடங்கிப் பம்ப் கூவ ஆரம்பித்தபோது, நிறுத்தி, நேரத்தைக் குறித்து, சரிசெய்து ஓட்டினார். இடையில் மின்சாரம் போய் ரெக்டிஃபையர் நின்ற நேரமும் அவருடைய தாளில் பதிவாகியது. தொட்டி ஓடாத நேரத்தையும் சேர்த்து எடுத்த சராசரி, ஓடும் நாளின் சராசரியைவிடக் குறைவாகத்தானே வரும்?

சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, குரோமியத்துக்கு ஒன்றும் நிக்கலுக்கு ஒன்றுமாக இரண்டு பம்ப்புகளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பது தொழிலாளிக்குச் சுலபம் இல்லை. இரண்டு பம்ப் கட்டியவர் மதியத்துக்குள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். இது எதற்கு என்று காலையிலேயே எல்லோரையும் கூட்டிவைத்து இரண்டு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் அந்த முணுமுணுப்பு பாதியாகக் குறைந்திருக்கும். சொல்ல வேண்டியது எங்கள் கடமைதான் என்றாலும், சேவை தருபவர்களும் அதைத் தங்கள் வேலையில் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

தொட்டி ஓரத்தில் மூட்டத்தை இழுத்து வெளியேற்றும் சக்‌ஷன் வாய் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும், எங்கள் ஆள் ஒருவர் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்துவந்து, “இதைக் கொளுத்திப் பார்த்துருவோமாக்கா?” என்றார். அந்தப் பெண் உடனே தடுத்துவிட்டார். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பிக்கொண்டிருக்கும் இடத்தில் நெருப்பே கூடாது என்று சொல்லிவிட்டு, நெருப்பில்லாமல் வெண்புகை விடும் கண்ணாடிக் குழாயைத் தன் பையிலிருந்து எடுத்தார். தொட்டியின் ஒரு முனையில் புகை சக்‌ஷனுக்குள் மடிந்து போயிற்று; மறுமுனையில் நேராக மேலே எழுந்து வேலை செய்பவரின் முகத்துக்குப் போயிற்று. மூடியைக் கழற்றிப் பார்த்தால், அந்த முனையின் பிளவு வாய் காய்ந்த குரோமிக் அமிலப் படிவால் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத இந்தச் சோதனையைக் கட்டணம் கேட்காமலே அவர் செய்தார். அந்த நாளின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பும் இதுதான். இதற்கு ஆய்வகமே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

ஃபில்டர் விஷயத்திலும் இவர்கள் கவனமாக இருந்தார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் அவசரக் குணம் உடையது. அருகில் கரிமப் பொருள் கிடைத்தால் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு, நச்சு மிகக் குறைந்த மூன்று இணைதிறனாக மாறிவிடும். ஆகவே மற்ற உலோகங்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் செல்லுலோஸ் ஃபில்டரை இதற்கு வைக்கக் கூடாது. பிவிசி ஃபில்டர் வேண்டும். பிளேட்டிங் மூட்டம் அமிலத்தன்மை உள்ளது என்பதால் பிவிசியிலும் நாள் ஆக ஆக மாற்றம் நடக்கும். எனவே மாதிரியைக் காரக் கரைசலில் நிலைப்படுத்த வேண்டும், சீக்கிரம் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மாலையிலேயே ஃபில்டர்களைக் காரக் கரைசல் உள்ள குப்பிகளில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் தானே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார். காற்று இழுக்காத வெற்று ஃபில்டர்களும் கூடவே போயின. வழியில் ஏதாவது கலந்திருந்தால் அவை காட்டிக்கொடுக்கும். ஆய்வகத்தில் டைஃபினைல் கார்பசைடு சேர்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் ஊதாச் சிவப்பாக நிறம் மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் 7600-ஆம் எண் முறை. இவர்கள் பின்பற்றியது அதைத்தான். நிக்கலுக்கும் மற்ற உலோகங்களுக்கும் செல்லுலோஸ் ஃபில்டரை அமிலத்தில் கரைத்து, உலோகங்களை அளக்கும் ஐசிபி கருவியில் பார்த்தார்கள். கேசட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் பங்கையும் வழித்தெடுத்துக் கணக்கில் சேர்த்தார்களா என்று அறிக்கையில் இல்லை. தொலைபேசியில் கேட்ட பிறகுதான் சேர்த்ததாகச் சொன்னார்கள். எழுதியிருக்க வேண்டும்.

இந்தச் சேவையை வாங்க நினைக்கும் பட்டறைக்காரர்கள் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ஆய்வகத்தால் ஒரு ஃபில்டரில் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு எத்தனை மைக்ரோகிராம்? அது 1 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அரை மணி நேரம் மட்டும் இழுத்தால் 60 லிட்டர், அதாவது 0.06 கன மீட்டர் காற்றுதான் ஃபில்டர் வழியே போயிருக்கும். 1-ஐ 0.06-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 16.7 மைக்ரோகிராம். காற்றில் 15 மைக்ரோகிராம் இருந்தாலும் அறிக்கை ‘கண்டறியப்படவில்லை’ என்றே சொல்லும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அரசு அமைப்பான ஓஷா ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு விதித்த வரம்பே 5 மைக்ரோகிராம்தான். அதே ஆய்வகம் எட்டு மணி நேரம் இழுத்திருந்தால் 960 லிட்டர் கிடைக்கும்; கண்டறியும் எல்லை கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆய்வகத்தின் திறன் 0.05 மைக்ரோகிராமாக இருந்தால் அது 0.05 வரை போகும். எங்கள் பழைய அறிக்கைகளில் எவ்வளவு நேரம் இழுத்தார்கள் என்பதும் இல்லை, எவ்வளவு காற்று என்பதும் இல்லை, எல்லை என்ன என்பதும் இல்லை. அப்படிப்பட்ட தாளில் ‘கண்டறியப்படவில்லை’ என்பது, தராசுத் தட்டில் கடுகைப் போட்டுவிட்டு முள் அசையவில்லை, ஆகவே கடுகே இல்லை என்று சொல்வது போன்றது. புதிய அறிக்கையில் மூன்றும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக இருந்தன. நான் மதிப்பெண் போட்டால் பாதி மதிப்பெண் இந்த மூன்று விவரங்களுக்கே போகும்.

முடிவுகளில் எதிர்பாராதது ஒன்று இருந்தது. ஆறு இணைதிறன் குரோமியம் ஹார்டு குரோம் தொட்டியின் அடைத்துக்கொண்ட முனையில் நிற்பவரிடம் அதிகமாக இருந்ததில் வியப்பில்லை. நிக்கல் மட்டும் நிக்கல் தொட்டிக்காரரைவிட மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் கூடுதலாக இருந்தது. பழுதாகித் திரும்பிவந்த பொருள்களின் நிக்கல் பூச்சைச் சக்கரத்தில் தேய்த்து எடுப்பவர் அவர்; தூள் முழுக்க அவர் முகத்துக்கு நேரே பறக்கிறது. தொட்டிகளைச் சுற்றியே சுற்றிக்கொண்டிருந்த எங்கள் கவனம் அந்த மூலைக்கு இதுவரை போனதே இல்லை. மதுரைப் பக்கத்து எவர்சில்வர்ப் பட்டறைகளில் நாள் முழுவதும் பாலீஷ் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். எவர்சில்வரிலும் குரோமியமும், பல வகைகளில் நிக்கலும் உண்டு. தொட்டி இல்லாத இடத்தில் அளக்க எதுவும் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இனி அறிக்கையின் குறை. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ‘வரம்புக்குள்’ என்று ஒரே சொல். எந்த வரம்பு? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987 திருத்தம் சேர்த்த இரண்டாம் அட்டவணை, நீரில் கரையும் குரோமேட்டுகளுக்குக் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம், என்று வைத்தது. ஓஷா 2006-இல் வைத்தது 5 மைக்ரோகிராம். நியோஷ் 2013-இல் பரிந்துரைத்தது 0.2, ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு 2018-இல் வைத்ததும் 0.2. முதலுக்கும் கடைசிக்கும் 250 மடங்கு இடைவெளி. எங்கள் ஹார்டு குரோம் முடிவு முதல் வரம்புக்கு வெகு கீழே, ஓஷாவின் வரம்புக்குச் சற்றுக் கீழே, 0.2-க்குப் பல மடங்கு மேலே. ‘வரம்புக்குள்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளி நிம்மதியாகக் கோப்பை மூடப்போனார். நான்கு எண்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக் காட்டிய பிறகுதான் சக்‌ஷனைச் சரிசெய்யும் பேச்சு எழுந்தது. அந்தத் தாளை எழுதித் தர வேண்டியவர்கள் பணம் வாங்கியவர்கள். கேட்டபோது, சட்ட வரம்போடு மட்டுமே ஒப்பிடுவது தங்கள் வழக்கம் என்றார்கள். வாதாடி, திருத்திய பதிப்பு ஒன்றைத் தருவதாகச் சொல்லவைத்திருக்கிறேன்.

பரிந்துரைகள் என்ற பக்கமும் ஏமாற்றமே. ‘தொழிலாளர்கள் முகக்கவசம் அணிய வேண்டும்’ என்பது முதல் வரி. சக்‌ஷன் வாய் அடைத்திருப்பதைத் தங்கள் பணியாளரே கண்ணால் பார்த்துக் குறித்துவைத்திருக்க, அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூட்டம் அடக்கும் திரவம், மிதக்கும் பிளாஸ்டிக் பந்துகள், அலங்கார வேலைக்காவது மூன்று இணைதிறன் குரோம் தொட்டிக்கு மாறுவது என்று முகக்கவசத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை எத்தனையோ உண்டு. மூட்டம் அடக்கியில்கூடக் கவனம் வேண்டும். முன்பு பரவலாகப் பயன்பட்ட பிஎஃப்ஓஎஸ் என்ற வேதிப்பொருள் வகையை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு குறை. தங்கள் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை அதே 1987 திருத்தம் தொழிலாளிக்குக் கொடுத்தது; பம்ப்பைக் கட்டிக்கொண்டு வியர்த்தவர் வாசிக்கும்படி ஒரு பக்கம் தமிழில் எழுத எவ்வளவு செலவாகிவிடும்?

கட்டணம் பழைய ஆய்வகம் வாங்கியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆளுக்கும் உலோகத்துக்கும் தனித்தனிக் கணக்கு. வெற்று ஃபில்டர்களுக்கும் முழு விலை போட்டிருந்தார்கள், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அறிக்கை சொன்ன தேதிக்கு வரவில்லை என்றாலும் பெரிய தாமதம் இல்லை.

அங்கீகாரம் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பான என்ஏபிஎல்லின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அங்கீகாரம் ஆய்வகம் முழுமைக்கும் கிடைப்பதில்லை. எந்தப் பொருளில், எதை, எந்த முறையில் அளக்கிறார்கள் என்ற பட்டியலுக்குத்தான் கிடைக்கிறது. தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் அளப்பதற்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு, பணியிடக் காற்றுக்கு அதே முத்திரையைக் குத்துபவர்கள் இருக்கக்கூடும். பட்டியலைக் கேட்டு வாங்கி, ‘பணியிடக் காற்று’ என்ற தலைப்பின் கீழ் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இவர்களிடம் குரோமியத்துக்கும் நிக்கலுக்கும் இருந்தது.

சிறு பட்டறைக்கு, ஒரே ஒரு அலங்காரக் குரோம் தொட்டியும் திறந்த கொட்டகையும் வைத்திருப்பவருக்கு, இந்தச் செலவுக்கு முன் சக்‌ஷன் ஒன்றைப் போட்டுவிட்டு அளக்கச் சொல்வேன். ஹார்டு குரோம் வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். அளக்கும் காலத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நாங்கள் அளந்தது சித்திரையில், ஷட்டர்கள் எல்லாம் திறந்திருந்தபோது. ஆடிக் காற்றில் அளந்தால் இன்னும் அழகான எண்கள் கிடைக்கும், அவற்றை நம்பி இருந்துவிடக் கூடாது. ஐப்பசி மழையில் சாரல் அடிக்கிறது என்று ஷட்டர்களை இறக்கிவிட்டு வேலை செய்யும் நாள்கள்தாம் எங்கள் கொட்டகையில் மோசமானவை. சக்‌ஷன் வாயைச் சுத்தம் செய்து முடித்தாயிற்று. அடுத்த மாதிரிக்கு ஐப்பசியில் தேதி கேட்டிருக்கிறேன், பஃபிங் சக்கரத்தில் உட்காருபவருக்குக் கட்டாயம் ஒரு பம்ப் உண்டு என்ற நிபந்தனையோடு.